பாதிப் பேச்சு

இல்ல மச்சான், இந்த பஸ்சுல அந்த ஜன்னல் மூடாது. திண்டிவனத்துலேர்ந்து நானும் இழுத்துப் பாக்கறேன். அது நம்ம அத்தா வாய் மாதிரி, ஒரு தடவ தொறந்துச்சுன்னா மூடாது. நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க, நான் அங்க உக்காந்துக்கறேன். எனக்கு என்னா, காத்து அடிச்சா அடிக்கட்டும். நீங்கதான் ஷார்ஜாவுல ஏசி ரூம்ல இருந்துட்டு வர்றீங்க. தூசி படிஞ்சு போய் நின்னீங்கன்னா அக்கா என்னதான் வையும். மூணு வருஷம் கழிச்சு மனுசன் வர்றாரு, மாவு மில்லுலேர்ந்து இட்டாந்த மாதிரி இட்டாந்திருக்கியேடான்னு.

தெரியாது மச்சான். சத்தியமா அதுக்குத் தெரியாது. வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம இரும்புக் கடை அட்ரசுக்கு என் பேர் போட்டுத்தானே எழுதியிருந்தீங்க, ஜானி பாஷா, வஜீதாகிட்ட மூச்சு விடாத, திடீர்னு போய் நிக்கணும்னு. நானும் எட்டு நாளா மூச்சு விடல. என் சரித்திரத்துலயே ஒரு விஷயத்த அரை மணி நேரத்துக்கு மேல வயித்துல வெச்சிருந்தது இதான் மொத தடவ. அம்மா பயந்து போயி, இவன் ஏன்டி பேசாம இருக்கான், ஓதிப் பாக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டுதாம். நேத்து அத்தாகிட்ட மட்டும், மெட்ராஸ்ல ஒரு சிநேகிதனுக்கு நிக்காஹ்ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அத்தா என்ன சொன்னாரு தெரியுமா? உன் சிநேகிதனுக்குக்கூட பொண்ணு குடுக்கறானா எவனாவதுன்னாரு.

சிரிங்க சிரிங்க. நீங்க சிரிச்சு எவ்ளோ நாளாச்சு.

ஊர்ல உங்களுக்கு என்னா பேரு தெரியுமா மச்சான் இப்ப? நான் ஒண்ணும் ஐஸ் வெக்கல. மருமகன்னா மதார் சாகிபு மருமகன் ஹபீப் முகம்மது மாதிரி இருக்கணும்யான்னு பள்ளிவாசல்லயே பேசிக்கறாங்க. தேரடியில டீக்கடை ஆதிமூலம் இல்ல, அவன் என்னப் பாக்கறப்பல்லாம் உங்க மச்சானுக்குப் பெரிய மனசுப்பாங்கறான். எதுக்கா? ...சொல்றேன். சொல்லத்தான் வந்திருக்கேன். மொதல்ல செஞ்சி வரட்டும். செஞ்சிக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவுல உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லி முடிச்சாகணும். அதுக்கு மேல போனா டயமில்ல.

ஐயையோ, அப்படில்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டு வலி, அது எப்பவும் இருக்கறது. அக்கா நல்லாருக்குது. சொல்லப் போனா இவ்ளோ நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல. விஷயம் இன்னான்னா, ஜூன் மாசம் நீங்க பேசி அனுப்புனீங்களே ஒரு கேசட்டு, அது.

கிடைச்சுது கிடைச்சுது. அதான், வாத்தியார் வேலை ஆர்டர் வந்திருக்குது, போகட்டுமா வேணாமான்னு அக்கா கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னது. ...ஆமாங்க, அதுக்கு அக்கா லெட்டர் போட்டுச்சு, தெரியும், நான்தானே பொட்டியில போட்டேன். ...பாக்கெட்லயேவா வெச்சிருக்கீங்க? குடுங்க பாக்கலாம். நீங்க சொன்னபடியே செய்துவிட்டேன். மனதுக்கு மிகவும் நிம்மதியாக இருக்கிறது. உங்களைப் போல் கணவர் யாருக்குக் கிடைக்கும். ...ம்.

இல்லீங்க, ஒண்ணும் நெனைக்கல. நல்ல பொண்ணுதான். நான் எப்ப இல்லைன்னேன். ஒரு வார்த்த சொன்னோம், ஆர்டர கிழிச்சுப் போட்டுட்டு மொகம் சுளிக்காம எழுதியிருக்காளேன்னு உங்களுக்குப் பெருமை. இருக்கும். இருக்க வேண்டியதுதான். லெட்டர பத்திரமா வெச்சுக்கோங்க. அப்புறம் வேலை இருக்குது அதுக்கு.

நேரா சொல்லிடலாம் மச்சான். ஆனா நேரா சொன்னா உங்களுக்குப் புரியாது, என்ன அடிக்கறதுதான் நடக்கும். மொதல்ல பிளேன் கதை சொல்லணும். நீங்க வந்த பிளேன் இல்ல. நான் கேட்ட பிளேனு.

போன வருஷம் சகாதேவண்ணன் ஷார்ஜாலேர்ந்து லீவுல வந்தப்ப டூ-இன்-ஒன் குடுத்தனுப்புனீங்களே, ரேடியோவும் டேப்பும் சேந்த ஜப்பான் செட்டு. அது வந்த அன்னிக்குத் தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. அதுல நாலு பேண்டு இருக்குதில்ல, மூணு நமக்குத் தெரிஞ்சது. நாலாவதுல ஏர்னு எழுதியிருந்துது. அம்மா சொல்லுது, ஏருன்னா ஏருதான்டா, விவசாயிங்களுக்கு உரம் போடறது பத்தி வரும், திருப்பாத. பத்து நாளு திருப்பிப் பாத்தேன். கொர்ருனு ஒரு எரைச்சல், அவ்ளோதான். உரமும் வரல, ஒண்ணும் வரல.

பதினோராவது நாளு மொட்ட மாடியில மொளகா காய வெச்சிருந்துது. காக்கா ஓட்டற டூட்டி எனக்கு. காலேஜ்லேர்ந்து நின்னவனுக்கு நம்ம வீட்ல குடுக்கற உத்தியோகம் அதானே. பக்கத்துல செட்டு கொர்ருங்குது. திடீர்னு பேசுது மச்சான்! இங்கிலீஷு. வாய்க்குள்ள கோலிகுண்ட போட்டுக்கினு, பாதித் தூக்கத்துல பேசற மாதிரி. மெட்ராஸ், மெட்ராஸ்னு கூப்புடறான். நம்பரு சொல்றான். இத்தன ஆயிரம் அடிங்கறான். நான் அண்ணாந்து பாக்கறேன், மலைக்கு மேல, ரொம்ப ஒசரத்துல, வெள்ளி ஊசி மாதிரி ஒண்ணு போவுது. அவன்தான்! அங்க போற பைலட்டு பேசறது இங்க நம்ம மொளகா பக்கத்துல கேக்குது. ஒரு காக்கா வந்து நாலு மொளகா தூக்கினு போச்சு, நான் ஓட்டவே இல்ல. போடான்னுட்டேன்.

அதுலேர்ந்து பைத்தியம் புடிச்சுக்கிச்சு. பெங்களூரு பிளேனு எப்ப வரும், திருச்சி பிளேனு எப்ப திரும்பும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா ஒண்ணு மச்சான், மேல இருக்கறவன் பேசறது மட்டும்தான் கேக்கும். கீழ மெட்ராஸ்ல ஒக்காந்து வழி சொல்றான் பாருங்க, அவன் பேசறது நம்ம ஊருக்கு எட்டாது. பூமி உருண்டையா இருக்குதில்ல, நடுவுல மறைக்குதாம். இவன் கேள்வி கேப்பான், அப்புறம் கொர்ரு. இவன் பதில் சொல்வான், எதுக்குச் சொல்றான்னு தெரியாது. பக்கத்து வீட்ல ஒருத்தன் போன்ல பேசறத சொவத்துல காத வெச்சுக் கேக்கற மாதிரி.

விடுவனா? அந்தக் கொர்ருல கீழ இருக்கறவன் பேச்ச நான் பேச ஆரம்பிச்சேன். அத்தா குரல்ல. மேலேர்ந்து அவன், மெட்ராஸ், இருபதாயிரத்துல வந்துக்கினு இருக்கேன், எறங்கட்டுமாங்கறான். நான் அத்தா மாதிரி தொண்டைய செருமிக்கினு, எறங்கறதுக்கு ஏன்டா இந்தக் கத்து கத்தற, படி இருக்குதில்ல, பாத்து எறங்கு, அங்க ஆணி மூட்டை கெடக்குது தடுக்கிக்காதங்கறேன். அவன் தேங்க்யூன்னான் மச்சான்! கரெக்டா அந்த நேரத்துல! ஆதிமூலமும் கூட்டாளி முருகையனும் மாடியில உருண்டு உருண்டு சிரிச்சானுங்க. அப்புறம் சாயங்காலம் ஆனா பத்து பேரு வருவாங்க கேக்க. அக்காகூட துணி எடுக்க வந்தா நின்னு சிரிச்சுட்டுத்தான் போவும்.

அந்த டயத்துலதான் கெவின் வந்தான். ரமணாசிரமத்தாண்ட ரூம் புடிச்சுக் குடுக்கறேன் இல்ல, வெள்ளக்காரங்களுக்கு, அதுல ஒருத்தன். ஆஸ்திரேலியா. ஆளு ஆறடி, வேட்டி கட்டினா மொழங்காலுக்கு மேலயே நின்னுடும். வாரத்துல ஒரு நாளு மௌனம் இருப்பான். மத்த ஆறு நாளும் அதுக்கும் சேத்துப் பேசிடுவான். ஸ்டவ்வு வாங்கக் கூட்டினு போனப்ப இந்த ரேடியோ கதைய ஓட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். சிரிப்பான்னு பாத்தா மொகம் மாறிடுச்சு. ஏன்னு கேட்டா, அவனுக்கு ஊர்ல அதான் வேலையாம். மைக்கு முன்னாடி ஒக்காந்து பிளேனுக்கு வழி சொல்றது. நான் யாரோட பாதிப் பேச்ச அத்தா குரல்ல பேசிக்கினு இருந்தனோ, அந்த ஆளே நேரா வந்து நம்மாண்ட மண்ணெண்ண ஸ்டவ்வு கேக்கறாரு!

ஏன்யா அந்த வேலைய உட்டுட்டு வந்தன்னு கேட்டேன். சொன்னான். ஒரு நாளு ஒரு பிளேனு எறங்க வருது. இவன் சொல்றான், எறங்கு, ஆனா உனக்குக் கீழ இன்னொருத்தன் குறுக்க போறான், அவன் போனப்புறம் எறங்கு. அதே நேரத்துல வேற எவனோ ஒரு பைலட்டு அவன் மைக்க அமுக்கிட்டான். அந்த ரேடியோவுல ஒரு நேரத்துல ஒருத்தன்தான் மச்சான் பேசணும். ரெண்டு பேரு அமுக்குனா கிரீச்சுனு ஒரு சத்தம்தான் வரும், ரெண்டு பேச்சும் போயிடும். ஆக எறங்க வர்றவன் காதுல விழுந்தது எறங்குங்கற வரைக்கும்தான். ஆனாங்கறதுலேர்ந்து எல்லாம் கிரீச்சு. அவன் என்ன பண்ணியிருக்கணும், நீ சொன்னது இதானேன்னு முழுசா திருப்பிச் சொல்லியிருக்கணும். அங்க சட்டமே அது. ஆனா அவன் ரோஜர்னு ஒரு வார்த்தையோட நிறுத்திட்டான். ரோஜர்னா கேட்டுச்சுன்னு அர்த்தம். என்ன கேட்டுச்சுன்னு அதுல இல்ல. கெவினும் சரி, நாம சொன்னது முழுசா போய்ச் சேந்துடுச்சுன்னு அடுத்த பிளேன பாக்கப் போயிட்டான். நல்லவேளை, எறங்கறவன் மேகத்துலேர்ந்து வெளிய வந்தப்ப அந்தக் குறுக்க போற பிளேனோட ஜன்னல் தெரிஞ்சுதாம். ஜன்னல்ல ஒரு பொம்பள ஆப்பிள் தின்னுக்கினு இருந்தாளாம். அவ்ளோ கிட்ட. படக்குனு பிளேன ஒடிச்சுத் திருப்பிட்டான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா கெவின் அதுக்கப்புறம் மைக்க தொடவே இல்ல.

யார் மேல தப்புன்னு கேட்டேன். அதான் ஜானி கொடுமை, நானும் சந்தோசமா இருந்தேன், அவனும் சந்தோசமா இருந்தான், சந்தோசமா இருந்த அந்த ஒரு நிமிஷம்தான் ஆபத்துன்னான்.

இது மண்டையில ஏறிடுச்சு மச்சான். மறுநாள்லேர்ந்து வீட்ல சட்டம் போட்டுட்டேன். அம்மா, ஜானி, அரை கிலோ கறி, எலும்போட, கொழுப்பு கம்மியாங்கும். நான் வெறப்பா நின்னுக்கினு, அரை கிலோ கறி, எலும்போட, கொழுப்பு கம்மி, ஜானி கெளம்பறான்பேன். போய்த் தொலைடான்னும். போய்த் தொலையறேன்னு அதையும் திருப்பிச் சொல்லுவேன். செருப்பு பறந்து வரும். கடையிலயும் அதே. ரெண்டு அங்குல ஆணி கால் கிலோன்னு எவனாவது கேட்டா நான் திருப்பிச் சொல்றதுக்குள்ள அத்தா குடுத்தே அனுப்பிடுவாரு. எதிரொலிக்குச் சோறு போட்டு வளக்கறேன்யான்னு வர்றவங்ககிட்டல்லாம் பொலம்பல்.

ஆனா அவரே மாட்டிக்கினாரு. வண்டிக்கார சின்னசாமிகிட்ட, பத்து தகர ஷீட்டு, வேங்கிக்கால்ல தங்கம்மாள் வீட்ல போட்டுடுன்னாரு. சின்னசாமி, சரி மொதலாளின்னுட்டுப் போயிட்டான். வேங்கிக்கால்ல ரெண்டு தங்கம்மாள் மச்சான். இவன் தப்பான தங்கம்மாள் வீட்ல எறக்கிட்டான். அந்தம்மா யாரோ புண்ணியவான் அனுப்பியிருக்கான்னு சாயங்காலத்துக்குள்ள மாட்டுக் கொட்டாய்க்கு அடிச்சு, தேங்கா ஒடச்சு, மாட்டுக்குக் குங்குமமும் வெச்சிருச்சு. அத்தா போய் நிக்கறாரு. மாடு அவரையே பாக்குது. எப்படிப் புடுங்குவாரு? அன்னிக்கு ராத்திரி சோறு திங்கறப்ப என்னப் பாக்காமயே சொன்னாரு, அந்த திருப்பிச் சொல்றது... அது ஒண்ணும் அவ்ளோ மோசமில்லன்னு.

இதோ செஞ்சி. கோட்டைய பாருங்க, மூணு வருஷத்துல எவனும் தூக்கினு போகல. எறங்காதீங்க, அஞ்சு நிமிஷம்தான் நிப்பான். ஏ வேர்க்கடல! இங்க ரெண்டு பொட்டலம் குடும்மா. சாப்புடுங்க. வாயில ஏதாவது இருக்கட்டும்.

சரி. கெளம்பிட்டான். சொல்லிடறேன்.

மச்சான், அந்த லெட்டர எடுங்க. இன்னொரு தடவ படிங்க. நீங்க சொன்னபடியே செய்துவிட்டேன். என்ன சொன்னீங்கன்னு இருக்குதா அதுல? என்ன செஞ்சுதுன்னு இருக்குதா? இல்லல்ல? ரோஜர் மச்சான். வெறும் ரோஜர்.

நீங்க கேசட்ல என்ன சொல்லி அனுப்புனீங்க, ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லுங்க. ...ம். ...ம். அந்த ஆர்டர கிழிச்சுப் போட்டுடு, நான் ஒருத்தன் இருக்கும்போது நீ எதுக்குப் பஸ்ல இடிபட்டுப் போயி வரணும், நாலு பேரு என்ன பேசுவாங்க. கரெக்டு. கடைசில ஒரு தடவ இருமுனீங்க, அத உட்டுட்டீங்க. ...எனக்கு எப்படித் தெரியுமா? அதுக்கும் வர்றேன்.

அக்கா வேலைல சேந்துடுச்சு மச்சான்.

ஒக்காருங்க. ஓடற பஸ்ல எந்திரிக்காதீங்க, மேல கம்பி இடிக்கும். ஒக்காருங்க மச்சான், எல்லாரும் பாக்கறாங்க. ...ஆமாங்க. ஜூன்லேர்ந்து. தெனம் காலைல எட்டே கால் பஸ்சு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. ...இல்ல. இல்லவே இல்ல. அது மட்டும் சொல்லாதீங்க. அல்லா மேல ஆணையா அக்கா உங்க பேச்ச மீறல. அது மீறுற ஆளா? ஆர்டர் வந்து பதினஞ்சு நாள்ல சேரணும்னு போட்டிருந்துது. அத்தாவே சொன்னாரு, போம்மா, மாப்ள ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு. அம்மா சொல்லுச்சு. முடியாதுன்னுடுச்சு. அவரு வாயால ஒரு வார்த்த வரட்டும், அப்புறம்தான்னுடுச்சு. பத்து நாளு போஸ்ட்மேன் வர்ற வழியவே பாத்துக்கினு நின்னுச்சு. போஸ்ட்மேனுக்கே ஒரு மாதிரி ஆயி, எங்க தெருவுக்குக் குறுக்கு சந்துல வர ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் எப்படிச் சேந்துதா? நீங்க சரின்னு சொன்னதாலதான்.

நீங்க சொல்லல. எனக்குத் தெரியும் நீங்க சொல்லல. அதுக்குத் தெரியாது. அதுக்குக் கேசட்ல கேட்டது வேற. நீங்க கிழிச்சுப் போடுன்னு அனுப்புனீங்க, அதுக்கு நீ போன்னு கேட்டுச்சு, சொன்னபடி செஞ்சுட்டேன்னு எழுதிச்சு, நீங்க கிழிச்சுடுச்சுன்னு படிச்சீங்க. அங்க நீங்க சந்தோசம், இங்க அது சந்தோசம். நான் மட்டும் ரெண்டு மாசமா மாடியில ஒக்காந்து மேல போற பைலட்டுங்கள கேட்டுக்கினு இருக்கேன். ஒரு நாளு ஒருத்தன் ஏதோ நம்பரத் திருப்பிச் சொன்னான். கொர்ரு. ஒடனே, சாரி சாரி, பதினாலு இல்ல பன்னெண்டுன்னான். கீழ இருக்கறவன் திருத்திட்டான் பாருங்க. அவ்ளோதான் வேலை, ரெண்டு செகண்டு. எனக்கு அன்னிக்கு மொளகா காரம் இல்லாமயே கண்ணு எரிஞ்சுது. நம்ம வீட்டு விஷயத்துல ரெண்டு பக்கமும் கேட்டவன் நான் ஒருத்தன்தான். திருத்தவேண்டியவனும் நான்தான். தெனம் நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க லெட்டரு, கெளம்பி வர்றேன்னு.

அக்கா உங்களுக்குன்னு ஒரு கேசட்டு முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கதையா பேசி வெச்சுது. யாராவது ஷார்ஜா போனா குடுத்தனுப்புடான்னு எங்கிட்ட குடுத்துச்சு. இதோ, இந்தப் பையிலதான் இருக்குது. அனுப்பல. எப்படி அனுப்புவேன்?

வர்றேன், வர்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

நீங்க அனுப்பற கேசட்ட மொதல்ல நான்தான் போட்டுப் பாப்பேன் மச்சான். செட்டு சில டைம்ல டேப்ப மென்னுடுது, அதுக்காகத்தான். உங்க ரெண்டு பேரு ரகசியம் வந்தா காத மூடிக்குவேன். பாதி மூடிக்குவேன். அன்னிக்கும் அப்படித்தான் மாடிக்கு எடுத்துனு ஏறுனேன். அக்கா மேல இருந்துது. காக்கா ஓட்ட வந்தது, செவுத்துல ஒக்காந்திருந்த நாலு காக்காவுக்கு ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கினு இருந்துது. ஈரெண்டு நாலு, எங்க, எல்லாரும் சத்தமா சொல்லுங்கன்னு. என்னப் பாக்கல. நான் சத்தம் போடாம எறங்கி வந்து, கீழ அறையில தாப்பா போட்டுக்கினு கேசட்ட கேட்டேன்.

நீங்க என்ன வேணா சொல்லுங்க, அன்னிக்கு அந்தக் கேசட்ட அப்படியே எடுத்துனு போயி அக்கா கையில குடுக்க எனக்குத் தெம்பு இல்ல. அழிச்சுட்டு, ஒண்ணும் கேக்கல, டேப்பு கெட்டுப் போச்சுன்னு சொல்லலாம்னு மொதல்ல பாத்தேன். சொன்னா அது மறுபடி கடுதாசி போட்டுக் காத்துக்கினே இருக்கும், பதினஞ்சு நாளு போயிடும், ஆர்டரும் போயிடும்.

என்ன எதுக்கு மச்சான் காலேஜ்ல சீட்டு கிழிச்சாங்க? ஞாபகம் இருக்குதில்ல. பிரின்சிபால் குரல்ல ஆபீசுக்குப் போன் பண்ணி, வானம் கருக்குது, பசங்கள வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு சொன்னதுக்கு. அந்தாளு குரல அரை நாள்ல புடிச்சவன் நானு. உங்க குரல ஒரு வருஷமா கேசட்ல கேக்கறேன்.

நாப்பது செகண்டு மச்சான். நீங்க கிழிச்சுப் போடுன்னு ஆரம்பிக்கற எடத்துலேர்ந்து இருமற வரைக்கும் அழிச்சு, அது மேல உங்க குரல்ல நான் பேசுனேன். உங்க ரூம்ல ஏசி சத்தம் பின்னாடி வந்துக்கினே இருக்குமே, அதுக்கு டேபிள் ஃபேன சொவத்தப் பாக்க வெச்சேன். அதாவது வஜீதான்னு ஆரம்பிச்சேன், நீங்க எதச் சொன்னாலும் அதாவது போடுவீங்க இல்ல. அதாவது வஜீதா, நீ தாராளமா போ. படிச்ச படிப்பு வீணாகக் கூடாது. யாரு என்ன சொன்னாலும் நான் இருக்கேன். அவ்ளோதான். ஒரே டேக்கு.

தெனம் சாயங்காலம் வந்ததும் அந்த எடத்தத்தான் போட்டுக் கேக்குது. கேட்டுட்டு, எங்கிட்டயே சொல்லுது, உங்க மச்சான் மாதிரி ஒரு மனுசன் கெடையாதுடான்னு. அத்தாகிட்ட, பக்கத்து வீட்ல, பள்ளிக்கூடத்துல, எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. ஆதிமூலம் பெரிய மனசுன்னது அதான்.

அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க. இங்கயே அடிங்க, கண்டக்டரு ஒண்ணும் கேக்க மாட்டான், தெரிஞ்சவன்தான். நான் பேசுனேன்னு அதுங்கிட்ட சொல்லணும்னாலும் சொல்லுங்க. அது உங்க இஷ்டம். எங்கூட அது பேசாது, தெரியும். அதுக்கு மேல என்ன ஆவும்னுதான் தெரியல. நாளைக்கு வேலைய உட்டுட்டு வூட்ல ஒக்காந்துக்கும். நீங்க சொல்லக்கூட வேணாம், அந்த வார்த்த உங்களுது இல்லைன்னு தெரிஞ்சாலே போதும். அதனாலதான் வீட்ல போயி எல்லாரு முன்னாடியும் உங்களுக்குத் தெரிய வேணாம்னு இங்க சொல்றேன். மணி நாலரை ஆவப் போவுது. பள்ளிக்கூடம் உட்டிருப்பாங்க.

ஆமா மச்சான். கீழ்பென்னாத்தூரு ஸ்கூலுதான். தெனம் இந்த பஸ்லதான் வரும்.

வேர்க்கடலய ஏன் அப்படி கையிலயே நசுக்கறீங்க.

இதோ நிறுத்திட்டான். அந்தப் புளியமரத்தாண்ட பாருங்க, முன்னாடி வாசப்படிக்கிட்ட. ரெண்டு டீச்சருங்க நிக்கறாங்களா, அதுக்குப் பின்னால, ஊதாப் பொடவை, கையில கத்த நோட்டு. எளைச்சிருக்குதா? இல்லீங்க, வெயில்ல வர்றதால கொஞ்சம் கறுத்திருக்குது, அவ்ளோதான். பாருங்க, ஒரு பையன் பஸ்சு வரைக்கும் பைய தூக்கினு வந்திருக்கான். தெனம் எவனாவது வருவான். ஏறுது. நம்மளப் பாக்கல.

என்னா மச்சான்? சத்தமா சொல்லுங்க, கேக்கல.

எந்தக் கிளாசு எடுக்குதா? மூணாங் கிளாசு. நாப்பத்திரெண்டு பசங்க. கணக்கும் தமிழும் எடுக்குது. ...பேரெல்லாம் எனக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும், கேளுங்க, மூச்சு உடாம சொல்லும். எந்திரிங்க மச்சான், திரும்பிடுச்சு, பாத்துடுச்சு. நோட்டெல்லாம் கீழ போட்டுடுச்சு பாருங்க. போங்க, போயி எடுத்துக் குடுங்க. பொட்டிய நான் பாத்துக்கறேன்.